அக்காமார் வரிசை

என் நாத்தனார் தோகாசே ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கிழங்கு தின்னும்போதும் ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். தேவாலயத்தில் ஜெபம் நடக்கும்போது கண்ணை மூடியபடியே பக்கத்துக்காரியின் பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் பாதி ஊரைக் கூட்டிக்கொண்டுபோய்க் கடலோரப் பூங்காவின் புல்லில் ஐந்து வாரம் உட்கார வைத்தாள் என்றால், எங்கள் பசிபிக் தீவான டோங்காவில் அவளைத் தெரிந்தவர்கள் யாரும் முதலில் நம்பவில்லை. நானும்தான்.

அவளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் புகழ்ந்து தள்ளிவிடுவார்கள். நான் இருபது வருஷமாக அவளிடம் பாயும் பன்றியும் பறிகொடுத்தவள். எனக்கு அந்த ஆபத்து இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு எவ்வளவு பெரிய உத்தியோகம் இருந்தாலும் அவன் அக்கா தங்கைக்கு அவன் ஒரு படி கீழேதான். அவன் பெற்ற பிள்ளைகளுக்கோ அத்தை வாயிலிருந்து வருவதுதான் சட்டம். என் மூன்று பிள்ளைகளுக்கும் பெயர் வைத்தது தோகாசே. என் கல்யாணத்துக்காக என் அம்மா எட்டு மாதம் முடைந்த பாயை மூன்றாம் நாளே சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள். "நல்லா இருக்கே, சினிவா" என்று அவள் ஒரு பொருளைத் தொட்டால் அது போய்விட்டது என்று அர்த்தம். மூத்தவனின் முதல் பிறந்தநாளுக்கென்று கொழுக்க வைத்திருந்த பன்றியைப் பார்த்தும் அதையேதான் சொன்னாள். வாய் திறந்து மறுக்க முடியுமா? மறுத்தால் ஊர் என் முகத்தில்தான் காறித் துப்பும்.

என் வீட்டுக்காரர் கிட்டியோனே அப்போது போலீஸில் சார்ஜென்ட். குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவர்களை ஒற்றைக் கையால் தூக்கி ஜீப்பில் போடுகிற ஆள். வாசலில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டால் பாதி மழித்த முகத்தோடு பின்வாசல் வழியாகப் போய்விடுவார். பயம் என்று நினைக்கவேண்டாம். வயசுக்கு வந்த அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்து அரட்டை அடிப்பது எங்களிடம் கிடையாது. அவள் இருக்கும் இடத்துக்குள் அவன் கால் வைக்கமாட்டான், அவ்வளவுதான். அவர்களுக்கு நடுவில் ஒரு செய்தி போகவேண்டுமென்றால் அது என் வாய் வழியாகத்தான் போகும். "உன் புருஷன்கிட்ட சொல்லு" என்பாள் அவள். "அக்காகிட்ட சொல்லு" என்பார் இவர். நான் அந்தக் குடும்பத்தின் டெலிபோன்.

தோகாசேவின் புருஷன் நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். பிள்ளை இல்லை. அவள் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தாள். பிரசவ வார்டின் துணிகள் அத்தனையும் அவள் கைக்குத்தான் வரும். துணியோடு சேதியும் வரும். யார் யாருக்குப் பிறந்தது, எவன் எவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எந்த வீட்டு அத்தை எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சலவைக்காரிக்கு எதற்கு இவ்வளவு ஊர்க்கதை என்று நான் முணுமுணுத்ததுண்டு.

அந்த வருஷம் ஜூலையில் அரசாங்க உத்தியோகத்தில் மேலே இருப்பவர்களுக்குச் சம்பளம் மடங்கு மடங்காக ஏறியது. கீழே இருப்பவர்களுக்கு வெறும் கை. வாத்தியார்கள், நர்சுகள், தபால்காரர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுப் பூங்காவில் போய் உட்கார்ந்தார்கள். முதல் வாரம் அது சம்பளச் சண்டைதான். பாட்டு, ஜெபம், பள்ளிக்கூட பேண்டு வாத்தியம் என்று கிட்டத்தட்டத் திருவிழா. இரண்டாம் வாரத்தில் கூடாரத்துக்குள் சங்கத் தலைவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, என்னையும் சமையலுக்கு இழுத்துக்கொண்டு கிழங்குக் கூடையோடு குறுக்கே போன தோகாசே நின்றாள்.

"கேட்ட சம்பளத்தக் குடுத்துட்டா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவீங்களா?"

"பின்னே? வேற என்னம்மா?" என்றார் சங்கச் செயலாளர், ஒரு கணக்கு வாத்தியார்.

"சட்டசபையில முப்பது சொச்சம் நாற்காலி. நாம ஓட்டுப் போட்டு உக்கார வெக்கிறது ஒம்பது பேர. மிச்சப் பேர ராஜாவும் பிரபுக்களும்தான வெச்சது, நாமளா? அடுத்த வருஷம் மறுபடி வயித்துல அடிச்சா யார்கிட்ட போயிக் கேப்பீங்க? இந்தப் புல்லுகிட்டயா?"

சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு நாளில் அந்தக் கேள்வி மைக்கில் ஏறியது, மூன்றாம் நாள் பெரிய துணியில் எழுதி மரத்தில் கட்டினார்கள். அதைக் கேட்டவர்கள் அவளுக்கு முன்னாலும் உண்டு, ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு. வருஷங்கள் கழித்து நாற்காலிகளில் பாதிக்கு மேல் ஜனங்கள் கைக்கு வந்த கதையைப் படித்தவர்கள் எழுதுவார்கள். நான் எழுதுவது என் வீட்டுக் கதை.

உட்காருவது லேசு என்று நினைப்பவர்கள் இரண்டாயிரம் பேரை ஒரு வாரம் உட்கார வைத்துப் பார்க்கட்டும். பசித்தவன் நாலாம் நாள் எழுந்து போவான், ஐந்தாம் நாள் கல்லெடுப்பான் என்று தோகாசே சொல்லிக்கொண்டே இருந்தாள். பஸ் ஏறினாள். ஊர் ஊராகப் போனாள். ஊர்த்தலைவரிடமும் பாதிரியாரிடமும் போகவில்லை. நேராகச் சமையல்காரிகளிடம் போனாள். ஊருக்கு ஒரு நாள், அன்றைக்கு அத்தனை பேருக்கும் அந்த ஊர்தான் குழியடுப்பு மூட்டவேண்டும்.

"பக்கத்து ஊர்ல மூணு பன்னி குடுக்குறாங்களாம். உங்க ஊர்ல வெறும் மரவள்ளிதானாமே, நெசமா?" என்று கவலையோடு விசாரிப்பாள்.

"எவ சொன்னா?" என்று அங்கே இருப்பவள் இடுப்பில் கை வைப்பாள். அந்த ஊரிலிருந்து நாலு பன்றி வரும். பக்கத்து ஊரில் அதுவரை பன்றிப் பேச்சே எடுத்திருக்கமாட்டாள். பொய்க்காரி என்று நான் சொன்னால், "இன்னிக்குச் சாயங்காலம் அங்க போயிச் சொல்லிட்டா நெசமாயிரும்" என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள்.

மூன்றாம் வாரம் லாத்து என்ற துறைமுகக் கூலி நல்ல போதையில் இரண்டு கையிலும் கல்லோடு வந்தான். ஆளைப் பார்த்தால் வாசல் நிறையும். எதிரே அரசாங்கக் கட்டடம், கண்ணாடி ஜன்னல். ஒரு கல் போதும், மறுநாள் எங்களையெல்லாம் கலகக்காரர்கள் என்று அடித்துத் துரத்த. வாத்தியார்கள் அவனுக்கு விளக்கிப் பார்த்தார்கள். தோகாசே விளக்கவில்லை. சந்தைக்கு ஆள் அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் அங்கே தர்பூசணி விற்கும் ஒரு சின்ன உருவம் வந்தது. லாத்துவின் அத்தை. அவன் தோள் உயரம்கூட இல்லை.

"என்னடா கையில?"

"ஒண்ணுமில்ல அத்த."

"ஒண்ணுமில்லன்னா கீழ போடு. போட்டுட்டுப் போயி அங்க தேங்கா துருவு."

அவன் சாயங்காலம்வரை தேங்காய் துருவினான். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். தோகாசே மட்டும் சிரிக்கவில்லை. அந்த அத்தையையே பார்த்துக்கொண்டு முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் மண்டைக்குள் ஏதோ ஓட ஆரம்பித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது, எனக்கு அது பிடிக்கவில்லை.

ஐந்தாம் வாரம் உத்தரவு வந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குள் பூங்கா காலியாகவேண்டும், இல்லையென்றால் போலீஸ் காலி செய்யும். தோகாசே அந்த சனி, ஞாயிறு முழுவதும் எந்தெந்தப் போலீஸ்காரன் வரப்போகிறான் என்று விசாரித்து வீடு வீடாக அலைந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது எங்கள் ஊரில் பாவம், அதனால் பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தாள். திங்கட்கிழமை நாற்பது போலீஸ்காரர்கள் தடியோடு வந்து வரிசையாக நின்றபோது, எதிரே புல்லில் முன்வரிசையில் நாற்பது பெண்கள், விசேஷத்துக்கும் தேவாலயத்துக்கும் மரியாதையாகக் கட்டுகிற பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு கால் மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் அந்த நாற்பது பேரில் ஒருவனுக்கு அக்காவோ தங்கையோ. எங்களிடம் ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது எல்லாம் அக்கா தங்கைதான். எவன் எதிரே எவள் என்பதுவரை பார்த்து உட்கார வைத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் விசிலடித்தார். யாரும் நகரவில்லை. மறுபடி அடித்தார். போலீஸ்காரர்கள் கடலைப் பார்த்தார்கள், மேகத்தைப் பார்த்தார்கள், தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள்.

"என்னடா நிக்கிறீங்க?"

"அக்கா இருக்கா சார்" என்றான் ஒருவன்.

"என் தங்கச்சி சார். எப்பிடி சார் அந்தப் பக்கம் போறது?"

பெண்கள் சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பாட ஆரம்பித்தார்கள். வரிசையின் ஓரத்தில் இன்ஸ்பெக்டரின் சொந்தத் தங்கையும் ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அவரும் கடலைப் பார்த்தார். பதினோரு மணிக்கு எல்லோரும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். மேலிடத்துக்கு என்ன எழுதினாரோ, ஒருவனுக்கும் வேலை போகவில்லை. அக்கா இருக்கும் இடத்தில் தம்பி கால் வைக்கவில்லை என்பதற்காக ஒருவனை வேலையிலிருந்து நீக்கினால், நீக்கியவர் அப்புறம் எந்த வீட்டு விருந்திலும் தலைநிமிர்ந்து உட்கார முடியாது.

என் வீட்டுக்காரர் அன்று விமான நிலையத்தில் டியூட்டி. தப்பித்தோம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் முகம் செத்து வந்தார். வியாழக்கிழமை மறுபடி போகிறார்கள், இந்த முறை முதலில் கால் வைக்க வேண்டியது இவர். உள்ளே போய் மைக்கையும் ஒயரையும் பிடுங்கிக் கூடாரத்தைச் சாய்த்துவிட்டால் போதும், மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்பது திட்டம். இவரை ஏன் பிடித்தார்கள் என்றால், இவருக்கு அக்கா ஒருத்திதான், அவளும் திங்கட்கிழமை வரிசையில் உட்காராமல் அடுப்புப் பக்கம் நின்றவள். ஒன்றுவிட்டவர்கள் எல்லோரும் ஆக்லாந்தில் ஆஸ்பத்திரித் தரை துடைக்கிறார்கள்.

"மாட்டேன்னா?" என்று கேட்டேன்.

"மாட்டேன்னா யூனிஃபார்மக் கழட்டணும்" என்றார். சாப்பிடாமல் எழுந்து போனார்.

யூனிஃபார்ம் போனால் வீடும் போகும். போலீஸ் குடியிருப்பில் பதினாறு வருஷம். நான் நட்ட ஈரப்பலா, நான் பூசிய சுவர், மூன்று பிள்ளைகளின் படிப்பு. அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டுப் பூங்காவுக்கு ஓடினேன். தோகாசே அண்டாக்களுக்கு நடுவே யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்தேன். அவள் கையை நான் பிடித்தது அதுதான் முதல்தடவை.

"அண்ணி, வியாழக்கிழமை நீங்க முன்னால உக்காரக் கூடாது."

"ஏன்?"

"நீங்க இருந்தா அவர் உள்ள வரமாட்டார். வரலன்னா வேலை போயிரும். நீங்க பின்னால அடுப்புகிட்ட இருங்க. அவர் வந்து ஒயரப் புடுங்கிட்டுப் போகட்டும். கூடாரம் போனா வேற கூடாரம் போட்டுக்கலாம், மைக் போனா வேற மைக். எங்களுக்கு வேற வீடு இருக்கா? சொல்லுங்க, இருக்கா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னையே பார்த்தாள். ஆடிக்கொண்டிருந்த கால்கூட நின்றது.

"நல்லா யோசிச்சுத்தான் கேக்குறியா, சினிவா?"

"யோசிச்சுத்தான் கேக்குறேன்."

"சரி" என்றாள். அண்டாவுக்குத் திரும்பிப் போனாள். இவ்வளவு சுலபமாக எப்படிச் சரி சொன்னாள் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அந்த இரண்டு நாளும் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து என் கால் ஓய்ந்தது.

வியாழக்கிழமை பத்து மணி. நான் சாலையோரத்தில் ஒரு மரத்தின் பின்னால் நின்றிருந்தேன். அதே நாற்பது பேர், முன்னால் கிட்டியோனே. எதிரே அக்காமார் வரிசை, நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு ஓர் இடைவெளி. தோகாசே சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார விடவும் இல்லை.

என் வீட்டுக்காரர் அந்த வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். கடைத்தெருவில் கைப்பிடி நழுவிய பிள்ளை அம்மாவைத் தேடுவதுபோல் இருந்தது. அப்போதுதான் எனக்கு உச்சந்தலையில் அடித்ததுபோல் உறைத்தது. அவர் அக்காவைப் பார்த்துவிடக் கூடாதே என்று தேடவில்லை. அவள் அங்கே இருக்கவேண்டுமே என்று தேடினார். மற்ற நாற்பது பேருக்கும் ஒரு நியாயம் எதிரே பாய் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவருக்கு மட்டும் அதை நான் எழுப்பிக் கொண்டுபோய் அடுப்புக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டேன்.

"பாத்தாச்சுல்ல? ஒன் அக்கா இல்ல. போ" என்றார் இன்ஸ்பெக்டர். பாட்டு நின்றுவிட்டது, எல்லாம் காதில் விழுந்தது.

"ஆமா சார். இல்ல."

"அப்புறம் என்ன? போ."

"போகமாட்டேன் சார்."

"யாருய்யா ஒன்னத் தடுக்குறா?"

"யாரும் தடுக்கல. நாந்தான் போகமாட்டேங்குறேன்."

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் என்னவோ சொன்னார். கெஞ்சியதுபோல் இருந்தது. கிட்டியோனே தடியையும் தொப்பியையும் ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்தார். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல மெதுவாக வைத்தார். பிறகு திரும்பிச் சாலையில் நடந்தார். என்னைத் தாண்டித்தான் போனார், பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் யாரும் அந்த இடைவெளிக்குள் கால் வைக்கவில்லை.

மத்தியானத்துக்குள் கடிதம் வந்துவிட்டது. குடியிருப்பைக் காலி செய்ய இரண்டு வாரம். நான் உள்ளே போனபோது சட்டையின் பித்தான்களைத் துடைத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்காவப் பின்னால போகச் சொன்னது நீதானா?"

"நாந்தான்."

"எதுக்கு?"

"உங்க வேலைக்காகத்தான்..."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம். "அக்கா அங்க உக்காந்திருந்தா எனக்கு இன்னிக்கு வேலை இருந்திருக்கும் சினிவா. மத்தவனுங்க எல்லாம் சாயங்கால டியூட்டிக்குப் போயிட்டானுங்க."

நான் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"அக்காகிட்ட போயிக் கேளு. நாளைக்கு நான் எங்க உக்காரணும்னு."

பூங்காவில் தோகாசே அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போன வேகத்தில் கத்தினேன்.

"உங்களுக்குத் தெரியுமில்ல? நீங்க எந்திரிச்சா அவருக்குச் சொல்லிக்க ஒண்ணும் இருக்காதுன்னு தெரியுமில்ல? தெரிஞ்சுகிட்டே எதுக்குச் சரின்னீங்க?"

அவள் நிமிர்ந்தாள். கண் வீங்கியிருந்தது. எவ்வளவு நேரமாக அழுதாளோ.

"இருவது வருஷத்துல நீ எங்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்" என்றாள்.

என் பாயும் பன்றியும் பிள்ளைகளின் பெயர்களும் அவளுக்கும் ஞாபகம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. வந்த வேலையை மட்டும் செய்தேன்.

"நாளைக்கு எங்க உக்காரணும்னு கேக்கச் சொன்னார்."

அவள் கை தானாக எழுந்தது. அங்கே மரத்தடியில், பேண்டுக்காரர்களுக்குப் பின்னால், தன் கண்ணில் படாத இடமாகக் காட்டப்போகிறாள் என்று அந்தப் பக்கம் திரும்பினேன். விரல் பாதியில் நின்றது. கையை இறக்கிப் பாவாடையில் துடைத்தாள்.

"அவன் இஷ்டம்னு சொல்லு."

"என்ன அண்ணி?"

"அவனுக்கு எங்க தோணுதோ அங்க உக்காரட்டும். நான் சொல்றதுக்கு என்ன இருக்கு?"

அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடந்தேன். எங்கள் குடும்பத்தில் அவள் யாருக்கும் அப்படி ஒரு பதில் சொன்னதே இல்லை. வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், ஒரு வார்த்தைகூட மாறாமல் அவரிடம் சேர்க்கவேண்டுமே என்று.